தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வரும் சத்தம்

மாடிக்கும் மாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டவர்கள் எல்லோருக்கும் ஒரே குரல்தான் என்பது லிப்ட்காரர் தம் தொழிலில் கண்ட உண்மை. வக்கீலாக இருக்கட்டும், பல் டாக்டராக இருக்கட்டும், பள்ளிக்கூடத்தையே ஒரு பார்வையில் அடக்கும் தலைமை ஆசிரியையாக இருக்கட்டும். லிப்ட் நின்று விளக்கும் அணைந்துவிட்டால் போனில் எல்லோரும் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "எப்ப வருவீங்க?" அவர் குளிக்கும்போது கேட்டார்கள், சாப்பிடும்போது கேட்டார்கள். மைத்துனியின் கல்யாணத்தில் குடும்பமாக நின்று போட்டோ எடுக்கும்போதும் ஒருவர் கேட்டார். அந்தப் போட்டோவில் எல்லோரும் சிரிக்க, லிப்ட்காரர் மட்டும் ஒரு காதைப் பொத்திக்கொண்டு மோட்டாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதை இன்றைக்கும் பார்க்கலாம்.

ஆகவே மனுஷனுக்கு ஓர் ஆசை இருந்தது. நாலே நாள். மலையைச் சுற்றிக்கொண்டு ஏரி வரைக்கும் போய்த் திரும்பும் பழைய சாலையில், தன் காலால் மிதித்து, தன் மூட்டையைத் தானே சுமந்து, யாரும் எதுவும் கேட்காத நாலு நாள். இதை அப்படியே வெளியில் சொன்னால் கட்டிய மனைவி என்ன நினைப்பாளோ என்று, "உடம்புக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னாரு" என்று சொல்லி வைத்தார். எந்த டாக்டர் என்று யாரும் கேட்காதது அவருடைய அதிர்ஷ்டம்.

வண்டி இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிய மலை சைக்கிள். இரும்புச் சட்டம், இருபத்தாறு அங்குலச் சக்கரம், ஒரு காலத்தில் சிவப்பாக இருந்த பெயின்ட். வாங்கிய புதிதில் நாலு தடவை மலைப்பக்கம் போய்வந்தார். அப்புறம் குடும்பம், வேலை, போன். வண்டி மாடிப்படிக்குக் கீழே போய்ச் சேர்ந்தது. வெகுகாலமாக அதன் ஹேண்டில்பாரில் மழைக்கோட்டுகள்தான் சவாரி செய்துகொண்டிருந்தன.

அவர் மனைவி கண் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பு மேஜையில் வேலை பார்த்தாள். அங்கே நாள் முழுக்க அவளிடம் ஜனங்கள் கேட்டது, "டாக்டர் எப்ப வருவாரு?", "என் நம்பர் எப்ப வரும்?", "சொட்டு மருந்து ஊத்தி அரை மணி ஆச்சே, இன்னும் எவ்வளவு நேரம்?" வீட்டுக்கு வந்தால் மாமனார் கேட்பார், "அம்மாடி, என் கண்ணாடி எங்க?" கண்ணாடி பெரும்பாலும் அவர் நெற்றியிலேயே இருக்கும். அதையும் அவள்தான் வந்து பார்த்துச் சொல்லவேண்டும். இதைப் பற்றியெல்லாம் லிப்ட்காரர் ஒரு நாளும் யோசித்ததில்லை. யோசித்திருந்தால் இந்தக் கதை இவ்வளவு தூரம் வந்திருக்காது.

வண்டியைத் தயார் செய்யும் வேலை கூடத்திலேயே நடந்தது. பழைய போர்வையை விரித்து, வண்டியைத் தலைகீழாக நிறுத்தினார். முதல் வில்லங்கம் சீட்டில் வந்தது. சீட்டைத் தாங்கும் குழாய் சட்டத்துக்குள் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டு, ஏறவும் மாட்டேன் இறங்கவும் மாட்டேன் என்று அடம்பிடித்தது. எண்ணெய் விட்டார், ஊற வைத்தார், மரச்சுத்தியால் தட்டினார், மறுபடி எண்ணெய் விட்டார். கடைசியில் சீட்டை இரண்டு கையாலும் பிடித்து, "நீயா நானா" என்று திருகியதில் அது கழன்றுகொண்டு வந்தது. லிப்ட்காரர் சோபாவுக்குள் போய் விழுந்தார். சீட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் கிடந்த கோலத்தைப் பார்த்த அப்பா, "எதுக்குடா அதைப் பிடுங்கினே?" என்று கேட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் சகலை உள்ளே வந்தார். மனைவியின் தங்கையைக் கட்டியவர். வாடகைக் கார் ஓட்டுகிறவர் என்பதால் இரண்டு சக்கரத்தில் போகிற எதையும் மதிக்கமாட்டார்.

"என்ன அண்ணே, வண்டி கிளம்பப் போகுதா, இல்ல பிரசவம் பாக்குறீங்களா?"

"பாருங்க பாருங்க. இன்னும் ரெண்டு மாசத்துல மலைக்கு அந்தப் பக்கம் இருப்பேன்."

"இருங்க இருங்க. வண்டி உங்களை விட்டுட்டுப் போகாம பாத்துக்கங்க," என்றார் சகலை. கேலிக்குச் சொன்ன வார்த்தை. இப்படிச் சில பேர் வாயிலிருந்து வருவது பலித்துத் தொலைக்கும்.

லிப்ட்காரர் அசரவில்லை. முள்ளு முள்ளாக இருந்த டயர்களைக் கழற்றிவிட்டுத் தார் ரோட்டுக்கு ஏற்ற வழவழப்பான, தடித்த டயர்கள் போட்டார். நீண்டுபோன செயினையும் தேய்ந்துபோன பல்சக்கரங்களையும் மாற்றினார். மூட்டையோடு மேடு ஏறவேண்டுமே என்று முன்பக்கத்துப் பல்சக்கரத்தில் இருப்பதிலேயே சின்னதாகப் பார்த்து மாட்டினார். பிரேக் கட்டைகள் கல்லாகிக் கிடந்தன. அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டினார். பின்னால் இரும்புக் கேரியர் பூட்டி, இரண்டு பக்கமும் தொங்கப் பைகள் வாங்கினார். பாரமெல்லாம் பின்சக்கரத்தின் தலையில்தான் விடியும் என்பதால் அதன் ஸ்போக் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டி, காதை வைத்துக் கேட்டு, தளர்ந்ததை முறுக்கினார். காது விஷயத்தில் அவர் கில்லாடி. ஆறாவது மாடியில் ஓடும் மோட்டாருக்குள் ஒரு பேரிங் இருமினால் தரைத்தளத்தில் நின்றே சொல்லிவிடுவார்.

இதுவரைக்கும் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. இதற்கப்புறம்தான் தொழில் புத்தி குறுக்கே வந்தது.

லிப்ட் வேலையில் ஒரு முறை உண்டு. பழுது பார்த்த லிப்ட்டை அப்படியே ஜனங்களிடம் விட்டுவிடமாட்டார்கள். அது தாங்கவேண்டிய சுமைக்குமேல் கால் பங்கு கூட்டி, இரும்புக் கட்டிகளை ஏற்றி ஓட்டிப் பார்ப்பார்கள். உள்ளே ஒருவன் பொத்தானை அழுத்திக்கொண்டு போவான். மேஸ்திரி மேலே மோட்டார் அறையில் நின்று சத்தத்தைக் கேட்பார். ஓட்டுகிறவன் வேறு, கேட்கிறவன் வேறு. ஓட்டுகிறவன் காதில் எதுவும் சரியாக விழாது என்பது லிப்ட்காரர்களுக்கு ரத்தத்திலேயே ஊறிய விஷயம். இவர் அதில் ஒரு நாளும் தவறியதில்லை.

"இந்தாம்மா, அஞ்சே நிமிஷம். இதுல ஏறி இந்தத் தெருக்கோடி வரைக்கும் போய்ட்டு வா," என்றார் மனைவியிடம்.

"நானா?"

"நான் ஓட்டினா எப்படி நான் கேக்குறது?"

அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது சைக்கிள் ஓட்டியவள். பக்கப் பைகள் இரண்டிலும் மணல் மூட்டை. பயணத்துக்குப் போகும் பாரத்தைக் குளியலறை எடை மெஷினில் நிறுத்து, அதோடு கால் பங்கு கூட்டிக் கட்டியது. அவள் கால் எட்டவேண்டும் என்று சீட்டை இறக்கிக் கொடுத்தார். அவள் ஏறினாள், நாலு அடி போனாள், எதிர்வீட்டுப் பூந்தொட்டிகளுக்குள் சாய்ந்தாள்.

லிப்ட்காரர் ஓடிப்போய்க் குனிந்து பார்த்தார். "நல்லவேளை, ஒண்ணும் ஆகல," என்றார்.

அவர் பார்த்தது பெடலை. அவள் முழங்கையைத் தேய்த்துக்கொண்டே அவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அன்று ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் ஆயுசு இருந்தது.

ஆனால் மறுநாள் சாயங்காலம் அவளே வந்து, "டெஸ்ட் பண்ணணும்னு சொன்னீங்களே," என்று நின்றாள். அன்றைக்குத் தெருக்கோடி வரைக்கும் போனாள். அதற்கடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்கே அதில் போக ஆரம்பித்தாள். தினப்படி ஓட்டத்தில்தான் வண்டியின் யோக்கியதை தெரியும் என்று லிப்ட்காரர்தான் சொன்னார். வரவேற்பு மேஜைக்காரி மணல் மூட்டையோடு வேலைக்கு வருவதைப் பார்த்து, கண்ணில் மருந்து விட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் தனக்குப் பார்வை இன்னும் மோசமாகிவிட்டது என்று முடிவே கட்டிவிட்டார்.

சாயங்காலச் சோதனையில் லிப்ட்காரர் கூடவே ஓடுவார். ஒரு காதை வண்டிப்பக்கம் சாய்த்துக்கொண்டு, கோழி பிடிக்கிறவர் மாதிரி குனிந்தபடி ஓடுவார். தெருக்கோடியில் மேடு தொடங்கும். பாதி மேட்டில் தண்ணீர்த் தொட்டி. அதுவரைக்கும் ஓடுவதற்குள் அவருக்கு நாக்குத் தள்ளிவிடும். தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவள் வளைவில் திரும்பி மறைந்துவிடுவாள்.

அந்தத் தொட்டிக்கு மேலேதான் அந்தச் சத்தம் ஆரம்பித்தது.

"டிக், டிக்னு ஒரு சத்தம் வருதுங்க," என்றாள் திரும்பி வந்து.

லிப்ட்காரருக்கு உடம்பெல்லாம் காதாகிவிட்டது. "எங்க?"

"தொட்டி தாண்டி. மேட்டுல அழுத்தி மிதிக்கும்போது."

அவர் பெடல்களைக் கழற்றி கிரீஸ் வைத்தார். மறுநாள், "இருக்குங்க" என்றாள். பெடல் சுழலும் அச்சையே வெளியே எடுத்துத் துடைத்துப் பூட்டினார். "கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருக்கு. நல்லாப் பாக்கணும்னா இன்னும் கொஞ்சம் மேல போகணும்," என்றாள். கேரியர் திருகுகளை எல்லாம் மாற்றினார். "இப்போ வலது பக்கம்." சங்கிலியைச் சந்தேகப்பட்டார், சீட்டுக் குழாயைச் சந்தேகப்பட்டார். ஒரு கட்டத்தில் அவள் செருப்பையே சந்தேகப்பட்டு, அதற்கும் எண்ணெய் விட்டார். அச்சை மட்டும் நாலு தடவை வெளியே எடுத்தாயிற்று. சத்தமோ பிடி கொடுக்கவில்லை. அவர் சாப்பிடும்போதும் டிக் டிக் என்று முணுமுணுத்துக்கொண்டு சாப்பிட்டார்.

நடுவில் அவள் சொன்ன சில்லறைக் குறைகளையும் தீர்த்துவைத்தார். மணிக்கட்டு வலிக்கிறது என்றாள். ஹேண்டில்பாரை உயர்த்தி, பக்கத்தில் கொண்டுவந்தார். பிரேக் பிடி எட்டவில்லை என்றாள்; அவள் விரலுக்கு வாட்டமாகத் திருகி உள்ளே தள்ளினார். உட்காரும் இடம் உறுத்துகிறது என்றாள். அகலமான சீட் வந்தது. ஒவ்வொன்றும் அற்புதமான வேலை. வண்டி நாளுக்கு நாள் மெருகேறியது. யாருக்காக மெருகேறுகிறது என்பதை மட்டும் அந்த மகானுபாவர் கவனிக்கவில்லை.

விடுமுறை நாட்களில் அவள் சத்தத்தைத் தேடிக்கொண்டு கல்குவாரி வரைக்கும் போனாள், அதற்கப்பால் உள்ள கோபுரம் வரைக்கும் போனாள். போனவள் மத்தியானத்துக்குத்தான் திரும்புவாள். முகம் சிவந்து, தலையெல்லாம் காற்றில் கலைந்து, என்னவோ பரிசு வாங்கியவள் மாதிரி வருவாள்.

"மருமக எங்கடா?" என்பார் அப்பா.

"டெஸ்டுக்குப் போயிருக்காப்பா."

"அவ எதுல ஃபெயிலாயிட்டா?"

கடைசியில் ஆபீஸில் விடுப்பு கிடைத்தது. நாலு நாளைக்கு வேறொரு மேஸ்திரி போனை எடுப்பதாக ஏற்பாடு. சத்தம் இன்னும் அகப்படவில்லை, ஆனால் இதைவிட்டால் மழைக்காலம் வந்துவிடும். லிப்ட்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு கிளம்பத் துணிந்தார். கூடாரம், படுக்கைப் பை, அடுப்பு, மாற்று டியூப், திருகுச் சாவிகள், துணிமணி எல்லாம் பைகளில் ஏறின. வழியனுப்ப மைத்துனியும் சகலையும் வந்திருந்தார்கள். சீட்டைத் தன் உயரத்துக்கு ஏற்றிக்கொண்டு, அப்பாவிடம் சொல்லிக்கொண்டு, வண்டியில் ஏறினார்.

ஏறிய மறுகணம் வண்டி ஆடியது. பின்பாரம் இழுத்த இழுப்பில் முன்சக்கரம் அவர் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பூந்தொட்டிகளைத் தப்பவிட்டதே பெரிய காரியம். பிரேக்கைப் பிடிக்கப் போனால் பிடி பக்கத்தில் இருந்து விரலை நசுக்கியது. பக்கத்தில் இழுத்து வைத்த ஹேண்டில்பாரில் முழங்கால் இடித்தது. தெருக்கோடியில் மேடு வந்ததும் இருப்பதிலேயே சின்ன கியரைப் போட்டார். கால் சுற்றியது, மூச்சு சுற்றியது, வண்டி நகரவில்லை. இறங்கினார். தள்ளினார். தண்ணீர்த் தொட்டி வரைக்கும் தள்ளிக்கொண்டு போனவருக்கு, ஓட்டியும் ஏறமுடியாது, தள்ளியும் ஏறமுடியாது என்பது தெரிந்துபோயிற்று. மேடு அதற்குமேல் வளைந்து வளைந்து போய்க்கொண்டே இருந்தது. அவர் வண்டியின் ஒவ்வொரு திருகையும் சோதித்திருந்தார். பழுது பார்த்தபிறகு அவர் மட்டும் ஒரு தடவைகூட அதில் ஏறி உட்கார்ந்து பார்த்ததில்லை.

வெட்கம் பிடுங்கித் தின்றது. இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும் தெருவுக்கு எந்த முகத்தோடு இறங்குவது? நல்லவேளையாக ஒரு சாக்கு கிடைத்தது. வண்டியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு வீட்டுவாசலுக்கு வந்து நின்றார்.

"என்ன அண்ணே, ஏரி நல்லா இருந்துச்சா?" என்றார் சகலை.

லிப்ட்காரர் அவரைப் பார்க்காமல் மனைவியிடம் சொன்னார்: "போகமுடியாதும்மா. அந்தச் சத்தம் கேட்டுச்சு. தெளிவா கேட்டுச்சு. டிக், டிக்னு. அதோட போனா ஆபத்து."

"கேட்டிருக்காது," என்றாள்.

"என் காதால கேட்டேங்கிறேன்."

"கேட்டிருக்காதுங்க. அப்படி ஒரு சத்தமே கிடையாது."

மைத்துனி சகலையின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

"கிடையாதுன்னா? நாலு தடவை அச்சைக் கழட்டினேனே."

"தெரியும். பாவமாத்தான் இருந்துச்சு." அவள் கேரியரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சத்தம் இல்லைன்னு சொல்லிட்டா டெஸ்ட் முடிஞ்சுடும். வண்டியைக் கட்டிவெச்சுடுவீங்க. எனக்கு அந்தத் தொட்டிக்கு மேல போகணும்போல இருந்துச்சு. அவ்வளவுதான்."

லிப்ட்காரருக்குக் கோபம் தலைக்கு ஏறியது. கிரீஸ் போகாத தன் விரல்களைப் பார்த்தார். கழற்றிப் பூட்டிய சாயங்காலங்கள் எல்லாம் ஞாபகம் வந்தன. ஏமாற்றிவிட்டாளே என்று இருந்தது. ஆனால் அவரும் இப்போதுதான், இல்லாத சத்தத்தைத் தன் காதால் கேட்டதாகச் சத்தியம் பண்ணிவிட்டு நிற்கிறார். ஒரே பொய்யை இரண்டு பேரும் சொன்னபிறகு சண்டையை எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

இத்தனை வருஷமாகப் பொத்தி வைத்த நாலு நாள். வண்டியையும் பைகளையும் பார்த்தார், அவளுடைய காலைப் பார்த்தார். மணல் மூட்டையை இழுத்து இழுத்து உரமேறிய கால். அப்புறம் சட்டைப் பையிலிருந்து திருகுச் சாவியை எடுத்து, குனிந்து, சீட்டைக் கீழே இறக்கினார்.

"போ," என்றார்.

"எங்க?"

"ஏரிக்கு."

"நாலு நாளாகுமே. மாமா இருக்காரு, ஆஸ்பத்திரி இருக்கு..."

"போன்னு சொல்றேன்ல. மனசு மாறுறதுக்குள்ள போ."

அவள் அதற்குமேல் மறுத்துப் பேசவில்லை. உள்ளே போய், பையிலிருந்த அவருடைய துணிகளை எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டுத் தன்னுடையதைத் திணித்துக்கொண்டு வந்தாள். ஏறி உட்கார்ந்து இரண்டு மிதி மிதித்ததும் முகம் மலர்ந்துபோயிற்று. "மணல் இல்லாம காலி வண்டி மாதிரி இருக்குங்க," என்றாள். கால் பங்கு கூடுதலாக இழுத்துப் பழகியவளுக்கு வேறு எப்படி இருக்கும்? தெருக்கோடியில் கியர் மாறியது. தொட்டியைத் தாண்டினாள், வளைவில் மறைந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்சம் திரும்பிப் பார்த்திருக்கலாம் என்று லிப்ட்காரருக்கு இருந்தது.

விடுப்பை ரத்து செய்ய ஆபீஸில் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் வீட்டில் உட்கார்ந்தார். லிப்ட் சம்பந்தமாக ஒருவரும் கூப்பிடவில்லை, அது வாஸ்தவம். ஆனால் அப்பா கேட்டார், கண்ணாடி எங்கே என்று. கண்ணாடி கிடைத்ததும் மாத்திரை எங்கே என்று. அது கிடைத்ததும், எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால், எது பின்னால் என்று. ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டு, நம்பர் சீட்டு அடிக்கும் மெஷினின் சாவியை உங்கள் மனைவி எங்கே வைத்திருக்கிறார் என்று கேட்டார்கள். எதிர்வீட்டில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டார்கள். மைத்துனி, பால்காரருக்கு யார் சொல்வது என்று கேட்டாள். இரண்டாம் நாள் சாயங்காலம் லிப்ட்காரர் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சின்ன அறைக்குள் போய், மழைக்கோட்டுகளுக்கு நடுவே, கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். அங்கேயும் அப்பா வந்து, "உள்ள என்னடா பண்றே?" என்று கேட்டார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவளிடமிருந்து போன் வந்தது.

"ஏரிக்கு வந்துட்டேங்க," என்றாள். பின்னால் காற்று அடிக்கும் சத்தம் கேட்டது.

லிப்ட்காரருக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது, அவள் இல்லாமல் வீடு பிடிக்கவும் இல்லை. "நான் காலைல முதல் பஸ்ல அங்க வந்துடுறேன்," என்றார். "வண்டியை பஸ் மேல போட்டுக்கலாம். சேர்ந்து வந்துடலாம்."



"வராதீங்க," என்றாள் அவள். "உங்க மேல கோவமெல்லாம் இல்லைங்க. மூணு நாளா என்னை யாரும் எதுவும் கேக்கல. திரும்புறது பூரா இறக்கம்தான், இன்னும் ஒரு நாள் போதும். அதையும் இப்படியே இருந்துட்டு வந்துடுறேன்."

லிப்ட்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அந்த நாலு நாளுக்காகத் தான் சேர்த்துவைத்திருந்த வார்த்தைகள் அப்படியே அவள் வாயிலிருந்து வந்தன. அவளிடம் தான் ஒரு நாளும் சொன்னதில்லையே, எப்படித் தெரிந்தது என்று முதலில் தோன்றியது. அப்புறம், ஆஸ்பத்திரியிலும் வீட்டிலும் ஓயாமல் பதில் சொல்கிறவளுக்கு, அதைத் தெரிந்துகொள்ள அவரிடமிருந்து எதுவும் தேவைப்படவில்லை என்பதும் புரிந்தது. சாப்பிட்டாயா, எங்கே படுக்கிறாய், குளிர்கிறதா, இறக்கத்தில் பிரேக் பிடித்ததா, எத்தனை மணிக்கு வந்து சேருவாய் என்று கேள்விகள் வாய்வரைக்கும் வந்து வரிசையாக நின்றன.

"சரிம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு, எதுவும் கேட்காமல் போனை வைத்தார்.